குட்டை டபுள் பேரல் தேடுறவங்களுக்கு ஒரு பழைய பேங்க் கன்மேன் சொல்றது

போன மாசம் எங்க மச்சான் வீட்டுக்கு வந்தாரு. காசிமேட்டுல வலை, கயிறு எல்லாம் போட்டு வைக்கிற குடோன் வச்சிருக்காரு, குடோனுக்கு மேலதான் வீடு, ஆறு மாசத்துல ரெண்டு தடவை பூட்டை உடைச்சிட்டானுங்க. அந்தக் கடுப்புல வந்து உக்காந்ததும் உக்காராததுமா, "மாமா, நீங்கதான் துப்பாக்கி தூக்கினு நின்னவராச்சே, குட்டையா ஒரு டபுள் பேரல் சீப்பா எங்க கெடைக்கும், அத்த மட்டும் சொல்லுங்க"ன்னாரு. காபி கூட குடிக்கல. அவருக்குச் சொன்னதையேதான் இங்க எழுதுறேன், ஏன்னா வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் இதே கேள்விய என்கிட்ட கேக்குற நாலாவது ஆளு இவரு.

நான் ஆர்மில 17 வருஷம், அப்புறம் பேங்க் வாசல்ல 14 வருஷம். பேங்க்ல எனக்குக் குடுத்தது ட்வெல்வ் போர் டபுள் பேரல், அதாவது ரெண்டு குழல் ஷாட்கன், ட்வெல்வ் போர்ன்றது குழலோட அகல அளவு. லைசென்ஸ் புக்குல டிபிபிஎல்னு (டபுள் பேரல் ப்ரீச் லோடிங்) எழுதியிருக்கும், 30 இன்ச் குழல். அதனால இந்த ஒரு சாமான் பத்தி மட்டும் நான் தைரியமா பேசுவேன், பிஸ்டல் ரிவால்வர் எல்லாம் வேற கத.

மொதல்ல லைசென்ஸ், அப்புறம்தான் கடை

புதுசா வர்றவங்க எல்லாருமே தலைகீழாத்தான் ஆரம்பிக்கிறாங்க, துப்பாக்கிய பாத்துட்டு அப்புறம் லைசென்ஸ் போடலாம்னு. அப்படி நடக்காது. 1959 ஆர்ம்ஸ் ஆக்ட், 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ், இந்த ரெண்டும்தான் இதுக்குப் பைபிள். வயசு 21 முடிஞ்சிருக்கணும். ஃபார்ம் ஏ-1 போடணும், கூட மெடிக்கல் சர்டிபிகேட், துப்பாக்கிய வீட்ல எப்படி பத்திரமா வைப்பேன்னு எழுதிக் குடுக்குற உறுதிமொழி, சேஃப்டி ட்ரெய்னிங் முடிச்ச பேப்பர். யார்கிட்ட போடணும்னா, சென்னை சிட்டி கமிஷனரேட்ல இருந்தா வேப்பேரி ஆபீஸ். ஆனா எண்ணூர், மணலி பக்கம் இருக்குறவங்க ஆவடி கமிஷனரேட், 2022-ல பிரிச்சதுல அந்தப் பக்கம் போயிடுச்சு, இது தெரியாம வேப்பேரிக்கு ரெண்டு தடவை அலைஞ்ச ஆளு எனக்குத் தெரியும்.

எதுக்கு வேணும்னு கேப்பாங்க. "பயமா இருக்கு"ன்னு மொட்டையா எழுதாதீங்க. பூட்டு உடைச்சப்ப போட்ட எஃப்ஐஆர், ராத்திரி பணம் கையில வச்சிருக்க வேண்டிய தொழில்னா அதுக்கு ஆதாரம், இதெல்லாம் சேத்து வைங்க. லோக்கல் ஸ்டேஷன்ல இருந்து விசாரிக்க வருவாங்க, அக்கம் பக்கத்துல கேப்பாங்க, உங்க மேல கேஸ் இருக்கான்னு பாப்பாங்க. சொத்து இல்லைங்கற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு, வாடகை வீட்ல இருக்கேனேன்னு தயங்க வேணாம். மறுத்தா காரணத்தை எழுதித்தான் மறுக்கணும், அதுக்கு மேல அப்பீல் போலாம். எத்தனை நாள் ஆகும்னு மட்டும் என்ன கேக்காதீங்க, மச்சான் கேட்டாரு, நான் சிரிச்சேன்.

லைசென்ஸ் 5 வருஷத்துக்குச் செல்லும். ஒரு ஆளு ரெண்டு துப்பாக்கிக்கு மேல வச்சிக்க முடியாது, முன்ன மூணு இருந்துச்சு, 2019-ல மாத்துனாங்க. தாத்தா துப்பாக்கி ஊர்ல சும்மா கெடக்குன்னா வாரிசுங்கற முறைல உங்க பேருக்கு லைசென்ஸ் கேக்கலாம், இதவிட சீப்பான வழி வேற இல்ல. ஆனா தாத்தா செத்து பத்து வருஷமா பரண்ல தூங்கினு இருக்குன்னா அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி, தயவு செஞ்சு யாராவது வக்கீல்கிட்ட பேசிட்டு ஸ்டேஷனுக்குப் போங்க.

குட்டைன்னா எவ்ளோ குட்டை

இதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. சினிமால ஹீரோ லுங்கிக்குள்ள இருந்து ஒரு முழம் நீளத்துல உருவுவான் பாருங்க, அந்த சாமான் மனசுல உக்காந்திருக்கு. பாதுகாப்புக்குன்னு சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் குடுக்குறதப் பத்தி சட்டம் பேசுற இடத்துல, உள்ள வரி இல்லாத வழவழ குழல், நீளம் 20 இன்ச்சுக்குக் கொறையக் கூடாதுன்னு இருக்கு. 20 இன்ச்னா கிட்டத்தட்ட 51 சென்டிமீட்டர், அதுவும் குழல் மட்டும், பின்னாடி கட்டை தனி. துப்பாக்கிய மடிச்சு, தோட்டா போடுற பக்கத்துல இருந்து வாய் வரைக்கும் டேப் வச்சு அளக்கணும்.

வெளிநாட்டுல 20 இன்ச் டபுள் பேரல் ஃபேக்டரிலயே செஞ்சு விக்கிறாங்க, கோச் கன்னு பேரு, குதிரை வண்டில காவலுக்குப் போனவங்க வச்சிருந்ததால வந்த பேரு. அமெரிக்காவுல ஷாட்கன்னுக்கு 18 இன்ச்தான் எல்லை. அந்த வீடியோவப் பாத்துட்டு இங்க வந்து கடைல கேக்காதீங்க, நம்ம ஊருல கைமாறுறது பெரும்பாலும் 28, 30, 32 இன்ச்தான்.

"நீளமா வாங்கி அறுத்துக்கலாம் மாமா, மிண்ட் பக்கம் ஒரு லேத் பட்டறைக்காரன் செஞ்சு தரேன்றான்"னாரு மச்சான். அன்னிக்குத்தான் அவருகிட்ட நான் குரல உசத்துனேன். குழலைக் கொறைக்கிறது தனிக் குத்தம், லைசென்ஸ் இருந்தாலும் குத்தம்தான், 2019 திருத்தத்துக்கு அப்புறம் கொறஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போலாம். பூட்ட உடைச்சவன் ஜாமீன்ல வெளிய வந்து டீ குடிச்சினு இருப்பான், நீங்க உள்ள இருப்பீங்க.

இன்னொன்னு யோசிங்க. குட்டை எதுக்கு? வீடு சின்னது, படி குறுகல், திரும்ப முடியாது, அதானே. நம்ம ஏரியா வீட்டுப் படிங்கள எனக்குத் தெரியாதா, ஒரு ஆளு ஏறினா எதிர்ல எறங்குறவன் சுவத்தோட ஒட்டிக்கணும். 30 இன்ச் குழல்னா மொத்த நீளம் நாலு அடிக்குக் கொஞ்சம் கொறச்சல், அந்தப் படில அது உதவாதுதான். ஆனா அந்தப் படில நீங்க எறங்கவே கூடாதே! ராத்திரி சத்தம் கேட்டா துப்பாக்கியத் தூக்கினு ரூம் ரூமா தேடிப் போறது போலீஸ்காரனே நாலு பேரா சேந்து பண்ற வேலை. நீங்க பண்ண வேண்டியது, பொண்டாட்டி புள்ளைங்கள ஒரே ரூம்ல சேத்துக்கணும், கதவத் தாப்பா போடணும், 112-க்கோ 100-க்கோ போன் போடணும், கட்டிலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து கதவைப் பாத்துக்கினு இருக்கணும். ஒரே எடத்துல உக்காந்திருக்குறவனுக்கு 20 இன்ச்சும் ஒண்ணுதான் 30 இன்ச்சும் ஒண்ணுதான். 26, 28 இன்ச்ல நல்லதா ஒண்ணு மாட்டுச்சுன்னா யோசிக்காம அதப் பாருங்க.

பம்ப் ஆக்ஷன் (முன் கட்டைய இழுத்து இழுத்து தோட்டா ஏத்துற ஒத்தக் குழல் ஷாட்கன்) வாங்கலாமான்னும் கேப்பாங்க. தோட்டா அதிகம் புடிக்கும், சரிதான், ஆனா டபுள் பேரல்ல பின்னாடி அந்த இழுக்குற பொட்டி கெடையாது, அதனால அதே நீளக் குழலுக்கு மொத்த நீளம் மூணு நாலு இன்ச் கொறையும். அத விட முக்கியம், மடிச்சுப் பாத்தா தோட்டா இருக்கா இல்லையான்னு குருடன் கூட வெரல விட்டுச் சொல்லிடலாம். புதுசா தொடுறவங்களுக்கு இதுதான் நல்லது. ஏர் கன் வாங்கி வச்சா போதும்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க, அத வச்சு காக்கா கூட ஓடாது, எதிர்ல வர்றவன் நெஜ துப்பாக்கின்னு நெனச்சு முந்திக்குவான்.

புதுசா, பழசா

புதுசுன்னா அரசாங்க ஃபேக்டரி சாமான் இருக்கு, முன்ன ஆர்டினன்ஸ் ஃபேக்டரின்னு ஒரே போர்டா இருந்தத 2021 அக்டோபர்ல ஏழு கம்பெனியா பிரிச்சாங்க. தனியார்ல பீகார் முங்கேர், ஜம்மு, இந்த ஊருங்கள்ல லைசென்ஸ் வச்சு டபுள் பேரல் செய்றாங்க. முங்கேர்னா கள்ளத் துப்பாக்கின்னு மட்டும் நம்மாளுங்களுக்குத் தெரியும், முறையா செய்ற பட்டறைங்களும் அங்கயே இருக்கு. எதுவா இருந்தாலும் ப்ரூஃப் டெஸ்ட், அதாவது அதிக அழுத்தத் தோட்டா போட்டு குழல் தாங்குதான்னு பாக்குற டெஸ்ட், பண்ண முத்திரை குழல்ல அடிச்சிருக்கணும், அது இல்லாத சாமானைக் கையால கூட தொடாதீங்க.

காசு கம்மியா இருக்கா, பழசுதான். லைசென்ஸ்காரரு எறந்து போயி புள்ளைங்க வேணாம்னு விட்டது, வயசானவங்க குடுத்துட்டது, இதெல்லாம் கன் ஷாப்ல படுத்துக் கெடக்கும். நல்ல பழைய டபுள் பேரல், மட்டமான புதுசவிட ஆயிரம் மடங்கு மேல். கடை இல்லாம நேரா இன்னொரு லைசென்ஸ்காரர்கிட்ட வாங்குறதா இருந்தா, விக்கிறவரு முன்கூட்டியே அதிகாரிக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுதிக் குடுத்து 45 நாள் கழிச்சுதான் கைமாத்தணும். காசக் குடுத்துட்டு அன்னிக்கே பைக்ல கட்டிக்கினு வர்ற யாவாரம் இல்ல இது.

கடைல கையில வாங்கினதும்

வாங்குன உடனே மடிச்சு ரெண்டு குழலும் காலின்னு பாருங்க. கடைக்காரரு "காலிதான் சார்"னு சொன்னாலும் பாருங்க. அதுக்கப்புறம் கீழ நான் சொல்ற வரிசைல போங்க, அவசரப்படுத்தினா வெளிய வந்துடுங்க.

வாயைப் பாருங்க மொதல்ல. ஃபேக்டரில இருந்து வந்தபடியே இருக்குற குழல்னா முன்பக்கம் ரெண்டு குழலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே இருக்கும், மேல சின்ன மணி மாதிரி பார்வைக் குமிழ் இருக்கும். நடுவுல சந்து தெரிஞ்சுதுன்னா, குமிழ் கோணலா ஒட்டவச்ச மாதிரி இருந்துச்சுன்னா, எவனோ அறுத்திருக்கான். அத வாங்குனீங்கன்னா அவன் பண்ண வேலைக்கு நீங்க பதில் சொல்லணும்.

அடுத்து குழலைக் கட்டையில இருந்து கழட்டச் சொல்லுங்க, டபுள் பேரல் மூணு துண்டா கழண்டு வரும். குழல வெளிச்சத்துப் பக்கம் நீட்டி உள்ள பாருங்க, வளையம் வளையமா நிழல் ஒரே சீரா தெரியணும். எங்கயாவது நெளிஞ்சா அது நசுங்கல், அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியா இருந்தா துரு தின்னது. லேசான புள்ளி பரவால்ல, தோட்டா உக்கார்ற எடத்துல ஆழமா இருந்தா வேணாம். அப்புறம் குழலோட அடி கொக்கில ஒரு வெரல மாட்டித் தொங்கவிட்டு, இன்னொரு கை விரல் முட்டியால தட்டுங்க. கோயில் மணி மாதிரி நீட்டி ஒலிச்சா நல்லது. "டொக்"குன்னு ஓட்டைத் தகரம் மாதிரி சத்தம் வந்தா ரெண்டு குழலையும் சேக்குற பட்டைல பத்தவச்சது விட்டுப்போச்சுன்னு அர்த்தம். மச்சானுக்கு இத சொல்லிக் குடுத்ததுல இருந்து எங்க வீட்டு குக்கர் மூடியெல்லாம் தட்டிப் பாக்குறாரு.

திரும்ப மாட்டி, முன் கட்டைய மட்டும் எடுத்துட்டு, பின்கட்டையைப் புடிச்சு லேசா ஆட்டுங்க. லொடலொடன்னு ஆடக் கூடாது. மூடினப்பறம் குழலுக்கும் பின் சுவருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக் கூடாது, மெல்லிசு பேப்பர் ஒண்ணு சொருகிப் பாருங்க, சர்ருன்னு போச்சுன்னா தேய்ஞ்சு போன துப்பாக்கி. மேல திறக்குற நெம்பு கொஞ்சம் வலப்பக்கமா நின்னா இன்னும் தேய மிச்சம் இருக்கு, நடுவத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தா நெறைய ஓடியிருக்கு.

குழல் மேல பாம்புத் தோல் மாதிரி, பட்டுப் பொடவை நெளிவு மாதிரி ஒரு டிசைன் இருந்துச்சுன்னா மயங்கிடாதீங்க. அது டமாஸ்கஸ் குழல், இரும்புப் பட்டைய சுத்தி அடிச்சு செஞ்ச அந்தக் காலத்துது, கருமருந்து காலத்துச் சாமான். இப்ப வர்ற தோட்டாவப் போட்டா கைய பதம் பாத்துடும். சுவத்துல மாட்டலாம், அவ்ளோதான். தோட்டா அறை நீளமும் பாருங்க, பழசு சிலது 65 மில்லிமீட்டர், இப்ப சாதாரணமா வர்றது 70. 65-ல 70 உள்ள போயிடும், அதான் ஆபத்தே, வெடிக்கும்போது விரியறதுக்கு எடம் இருக்காது, அழுத்தம் ஏறிடும்.

வெளிய ஹேமர் (தோட்டாவ வெடிக்க வைக்கிற சுத்தி) நீட்டிக்கினு இருக்குற பழைய மாடல் விலை கம்மியா வரும். நான் வேணாம்னுதான் சொல்வேன், ஏத்துன ஹேமர ஈரக் கையால எறக்கும்போது வழுக்கிடும், பதட்டத்துல கேக்கவே வேணாம். ஹேமர் உள்ள இருக்குறது, ரெண்டு ட்ரிகர் தனித்தனியா இருக்குறது, மடிச்சா தானா சேஃப்டி விழறது, இதுதான் வீட்டுக்கு. முன் ட்ரிகர் பொதுவா வலக் குழல், அது கொஞ்சம் விரிவா போடும், பின் ட்ரிகர் இடக் குழல், நெருக்கமா போடும். தோள்ல வச்சுப் பாருங்க, நீங்க மட்டும் இல்ல, லைசென்ஸ் யார் பேர்ல வாங்குறீங்களோ அவங்க தோள்ல. ரொம்ப எடை கம்மியா இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, ட்வெல்வ் போர் உதை கழுதை உதை, எடை கொறைய கொறைய தோள்தான் வாங்கும்.

புடிச்சிருந்தா துப்பாக்கி நம்பர், மேக், குழல் விவரம் எல்லாம் லைசென்ஸ்ல ஏத்தணும், பில்லுல இருக்குற நம்பரும் துப்பாக்கில இருக்குற நம்பரும் ஒண்ணான்னு நீங்களே படிச்சுப் பாருங்க. எங்க பேங்க்லயே ஒரு தடவை ஒரு நம்பர் மாத்தி எழுதி, ரினீவல்ல ரெண்டு மாசம் இழுத்துச்சு.

தோட்டா

நம்ம ஊருல அதிகமா கெடைக்கிறது புனே பக்கம் கட்கி ஃபேக்டரி சாமான், சக்திமான்னு பேரு. எத்தனை வாங்கலாம்ன்றது லைசென்ஸ்லயே எழுதியிருக்கும். எல்.ஜி., எஸ்.ஜி.னு பெரிய குண்டு, நாலாம் நம்பர், ஆறாம் நம்பர்னு சின்ன ரவை. ஷாட்கன்னுன்னா குறி பாக்கவே வேணாம், ரூம் முழுக்க விரியும்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அது சுத்தப் பொய். திறந்த வாய் குழல்ல கூட ஒரு கஜம் (மூணு அடி) தூரத்துக்கு சுமாரா ஒரு இன்ச்தான் விரியும். பத்தடி ரூம்ல அது மூணு இன்ச் சொச்சம், ஒரு உள்ளங்கை அகலம்தான் வரும், குறி வச்சுத்தான் ஆகணும்.

அத விட நம்ம ஏரியாவுல யோசிக்க வேண்டியது அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு. ஒரு செவுருக்கு அந்தாண்ட அடுத்த வீட்டுக் கொழந்த படுத்திருக்கும். ஒம்போது இன்ச் செங்கல் செவுரு தாங்கும், ஆனா ப்ளைவுட் கதவு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜன்னல், இதெல்லாம் எல்.ஜி. குண்டுக்குக் காகிதம். நான் சின்ன ரவைதான் சொல்வேன், ரூம் தூரத்துல அதுவே போதும். எந்த மூலைல உக்காந்தா உங்க பின்னாடியும் எதிர்லயும் செங்கல் செவுரா இருக்குன்னு துப்பாக்கி வாங்குறதுக்கு முன்னயே ஒரு தடவை பாத்து வச்சுக்கோங்க.

பழைய காகித உறைத் தோட்டா யாராவது சும்மா குடுத்தா வாங்காதீங்க. ஒரு டிசம்பர் மழைல பேங்க் வாசல்ல நின்னுட்டு, மாத்திப் போடலாம்னு பாத்தா ரெண்டும் ஊறி உப்பிப் போயி உள்ளயும் போகல வெளியவும் வரல, மேனேஜர் கேக்குறாரு "என்ன ஆச்சு", நான் என்ன சொல்ல.

வீட்ல வைக்கிறது

காசிமேட்டுக் காத்து உப்புக் காத்து. கட்டுமரத்து ஆணிய மூணு மாசத்துல தின்ற காத்து உங்க குழல விடுமா. தோல் உறைல போட்டு பீரோல வைக்காதீங்க, தோலு ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கும், அடுத்த தடவை எடுக்கும்போது குழல் செவந்திருக்கும். தேங்காண்ணெ போடாதீங்க, நாளாக நாளாக சிக்கு புடிச்சிடும். லேசான மிஷின் எண்ணெய், பழைய பனியன் துணி, வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம், மழைக்காலத்துல ரெண்டு தடவை. விரல் பட்ட எடத்துல ரேகை ரேகையா துரு வரும், அதனால தொடைச்சுட்டுத்தான் மூடணும்.

ஒரே ரூம் வீட்ல கன் சேஃப் எங்க வைக்கன்னு கேப்பீங்க. மூணு துண்டா கழட்டுங்க, குழல் ஒரு பூட்டுல, கட்டை இன்னொரு பூட்டுல, தோட்டா மூணாவது. கொழந்தைங்க இருக்குற வீட்ல இதுல ஒண்ணு கூட விடக்கூடாது. "அவசரத்துக்கு எப்படி எடுக்கிறது"ன்னா, ராத்திரி படுக்கப் போகும்போது மாட்டி உங்க ரூம்ல பூட்டி வைங்க, காலைல திரும்ப கழட்டுங்க. அந்தத் தொல்லை வேணாம்னா துப்பாக்கியும் வேணாம், கிரில் கேட்டும் ஒரு நாட்டு நாயும் போதும், நெஜமாத்தான் சொல்றேன்.

சுடலாமா சுடக் கூடாதான்றது பெரிய சப்ஜெக்ட், சுருக்கமா சொல்றேன். 2024 ஜூலைல இருந்து பழைய ஐபிசி போயி பாரதிய நியாய சன்ஹிதா. தற்காப்பு உரிமை அதுல 34-ல இருந்து 44 வரைக்கும். கொள்ளை, பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் விடியறதுக்குள்ள வீட்டை உடைச்சு நுழையறது, வீட்டுக்குத் தீ வைக்கிறது, இதுலயெல்லாம் அந்த உரிமை ரொம்ப தூரம் போகும். ஆனா தேவைக்கு மேல சேதம் பண்ணக் கூடாது, போலீஸ கூப்பிட நேரம் இருந்தா கூப்பிடணும். ஓடுறவன் முதுகுல சுட்டீங்கன்னா அது தற்காப்பு இல்ல. குடோன்ல வலை திருடுறவன மொட்டை மாடில இருந்து சுடுறதும் இல்ல, மச்சான் மூஞ்சி இத கேட்டதும் தொங்கிப் போச்சு. கல்யாணத்துல, திருவிழால வானத்தைப் பாத்து சுட்டா அதுக்கும் 2019-ல இருந்து தனியா தண்டனை, 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

கடைசியா ஒண்ணு. எலெக்ஷன் அறிவிச்சாங்கன்னா துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க, நோட்டீஸ் வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்காதீங்க, நீங்களே போங்க. குடுக்கும்போது கழட்டி, எண்ணெய் நல்லா பூசி, துணில சுத்திக் குடுங்க, அங்க யாரும் தொடைச்சு வைக்கப் போறதில்ல. நம்பர், தேதி, சீல் போட்ட ரசீது வாங்கி லைசென்ஸ் புக்குக்குள்ளயே சொருகி வைங்க, திரும்ப வாங்கப் போறப்ப மொதல்ல கேக்குறது அதத்தான்.